துப்பிடுவோம்

இது எனக்கு நடந்ததல்ல. ஏழுமலை அண்ணன் சொன்னது. கல்லூரியில் நுண்ணுயிரியல் துறையில் எனக்கு மூன்று ஆண்டு மூத்தவர். அவர் வீட்டிலும் என் வீட்டிலும் எங்களுக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. பழக்கம் அப்படித்தான் தொடங்கியது. பிரான்சில் நொதித்தல் பற்றி மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தவர் விடுமுறைக்கு வந்திருந்தபோது, சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் பகல் ரயிலில், திருவள்ளூர் தாண்டியதிலிருந்து இறங்கும்வரை இதைச் சொன்னார். நான் குறிப்பு எடுக்கவில்லை. “அவர்” என்று எழுதிப் பார்த்தேன். அவரிடம் இல்லாத ஒரு தெளிவு அதில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால் “நான்” என்றே எழுதுகிறேன். இனி வரும் நான் அவர். கடைசியில் மட்டும் நான் நானாக வருகிறேன்.

காலை பதினொன்று. கண்ணாடிக் கோப்பை என் முன்னால் இருக்கிறது, இன்னும் தொடவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால்தான் நாக்கு சுத்தமாக இருக்கும், காப்பிகூட வேண்டாம் என்று சொலேன் நேற்றே சொல்லிவிட்டதால் விடிந்ததிலிருந்து தண்ணீர் மட்டும்தான், வயிறு காலி, காலி வயிற்றில் இறங்கினால் என்ன ஆகும், இறங்காது, இறங்கவிடப் போவதில்லை. சொலேன் இந்த பீர் ஆலையின் முதலாளி. ஆலை என்று சொல்வது என் கூச்சம். பழைய பாலாடைக்கட்டிக் கொட்டகை, நான்கு எஃகுத் தொட்டி, ஒரு எவர்சில்வர் மேசை, சொலேன், அவரிடம் வேலை பார்க்கும் பாப்திஸ்த், மூன்று மாதப் பயிற்சிக்கு வந்த நான். முதல் நாளே சொலேன் தன்னை “நீ” என்று கூப்பிடச் சொன்னார். என் வாயில் பிரெஞ்சு “நீ” வருகிறது, உள்ளே தமிழில் அது “நீங்க” என்றுதான் விழுகிறது, இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொரு வாக்கியமும் கொஞ்சம் தாமதமாகிறது. இப்போது ஊற்றியிருப்பது முப்பத்தொன்றாவது ஈடு. அவர்கள் அதற்கு வேறு சொல் வைத்திருக்கிறார்கள், எனக்கு இட்லிக்குச் சொல்கிற ஈடுதான் வருகிறது. சாத்துக்குடிச் சாறு மாதிரி கலங்கிய மஞ்சள். வடிகட்டுவதில்லை. பாட்டிலில் அடைத்த பிறகும் உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருந்து, கொஞ்சம் சர்க்கரையைத் தின்று, மூன்று வாரம் தானாக நுரையை உண்டாக்கிவிட்டு அடியில் போய்ப் படிகிறது. இதையெல்லாம் நான் தேர்வில் எழுதியிருக்கிறேன். எழுதியது வேறு, இது என் முகத்துக்கு நேரே ஒரு முழம் தள்ளி மினுக்கிக்கொண்டு நிற்பது வேறு. நுரை இறங்குகிற சத்தம்கூடக் கேட்கிறது, புதுத் துணியைக் கையால் தேய்ப்பது போல. கோப்பைக்குப் பக்கத்தில் நான் கொண்டுவந்து வைத்த பிளாஸ்டிக் டம்ளர் இருக்கிறது. அது துப்புவதற்கு. துப்பிடுவோம்மா. அந்தச் சொல்லைத்தான் போனில் சொன்னேன். துப்பிடுவேன் என்றுகூடச் சொல்லவில்லை, துப்பிடுவோம். எந்த நாங்கள்? அப்போது நான் இங்கே ஒருவரையும் பார்த்திருக்கவில்லை. வாயில் வைத்துச் சுழற்றிவிட்டு வெள்ளிக் கிண்ணத்தில் துப்புகிற மனிதர்களை ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன், அவர்களோடு போய் நின்றுகொண்டு, நாங்கள் என்று சொல்லிவிட்டேன்.

“அப்ப குடிப்பீங்களாடா?” என்றுதான் அம்மா கேட்டாள். அதற்கு முன்னால் மாமா கேட்டதற்கு எல்லோரும் சிரித்தார்கள். “பீர் படிக்க பிரான்சு போறியா? நம்ம ஊர்ல அதுக்கு அட்டெண்டன்சே வேணாமே, எல்லாரும் பாஸு.” நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து போனில், சாதாரணமாகக் கேட்பதுபோல், அப்ப குடிப்பீங்களாடா. இல்லம்மா, வாயில வச்சிப் பார்த்துட்டு துப்பிடுவோம். நிஜமாவா? நிஜமா. அவளுக்கு வந்த நிம்மதியை போனிலேயே கேட்டேன், மூச்சு வெளியே போகிற சத்தம். அடுத்த நாளே, தான் காலி பீர் பாட்டில் கழுவுகிற குடோனில் சொல்லிவிட்டாள். பச்சையம்மா அக்கா, அம்மாவோடு ஒரே தொட்டியில் பதினைந்து வருடமாகக் கழுவுகிறவள், “வாயில வச்சத எவன்டி துப்புவான், நம்மாளுங்க காலி பாட்டிலயே நக்குறானுங்க” என்றாளாம். அம்மா, “என் புள்ள துப்புவான்” என்றாளாம். என்றாளாம் என்று சொல்கிறேனே தவிர அந்தக் குரல் எனக்குத் தெரியும். காரச்சோடாத் தண்ணீரில் கையை முழங்கைவரை விட்டுக்கொண்டு, தலையைத் தூக்காமல், என் புள்ள துப்புவான். கழுத்தில் நீளமான பிரஷ்ஷை விட்டு இரண்டு சுற்று, கவிழ்த்து, அலசி, பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடிப்பாகத்தை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். அடியில் ஏதாவது படிந்திருந்தால் “மண்டி” என்று ஒரு சொல், பாட்டில் தனிக் கூடைக்குப் போகும். மண்டி பாட்டில் கெட்ட பாட்டில். சேறு இருக்கும், பீடித்துண்டு இருக்கும், ஒருமுறை பல்லி. இங்கே வந்த முதல் வாரம் அலமாரியில் இருக்கிற பாட்டில்களைப் பார்த்து வை என்று சொலேன் சொன்னபோது நான் அதே மாதிரி ஒரு கண்ணை மூடி ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அடியில் படிவு இருந்த நாற்பத்தாறு பாட்டில்களைக் கெட்டுப்போனவை என்று தனியே எடுத்து அடுக்கிவிட்டேன். இருந்ததே நாற்பத்தெட்டு. சொலேன் வந்து பார்த்துவிட்டு, நான் ஒதுக்கியதில் ஒன்றை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தார். பிறகு, “எலு, இவை உயிரோடு இருப்பவை. அந்த இரண்டில்தான் எனக்குச் சந்தேகம்” என்றார். ழ அவருக்கு வராது. பாப்திஸ்த் இன்றுவரை என்னைப் பார்த்தால் ஒரு கண்ணை மூடிக்கொள்கிறான். நான் படித்தவன், பாட்டிலுக்குள் ஈஸ்ட் படியும் என்று தெரிந்தவன், கை மட்டும் குடோனில் நின்றுகொண்டிருந்தது.

“அது எதுக்கு?” சொலேன் பிளாஸ்டிக் டம்ளரைப் பார்க்கிறார். துப்ப, என்றேன். பாப்திஸ்த், “ஒயின்காரன் வந்துட்டான்” என்றான், “உன் நாட்டுப் பேரைத்தான்யா இதுக்கு வச்சிருக்காங்க, இந்தியா பேல் ஏல், உன் நாட்டையே துப்பப் போறியா?” சொலேன் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பவர்களைவிடச் சிரிக்காதவர்களிடம்தான் பயம். “ஒயினைத் துப்பலாம். பீரை விழுங்கணும். கசப்பு நாக்கோட பின்பக்கம் இருக்கு, தொண்டைக்கிட்ட. அங்க போகலைன்னா இந்த இடத்துல என்ன எழுதுவ?” மேசையிலிருந்த மதிப்பெண் தாளைத் திருப்பிக் காட்டினார். நிறம், நுரை, மணம், கசப்பு, பின்சுவை. கசப்புக்கு நேரே ஒன்றிலிருந்து ஐந்துவரை கட்டங்கள். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, “மதமா?” என்றார். இல்லை என்றேன். “உடம்புக்கு ஏதாவது?” இல்லை. “அப்படின்னா வேண்டாம்னு தோணுனா வேண்டாம். இன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் பார்த்துக்கிறோம்.” அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். மதம் என்று சொல்லியிருக்கலாம், யாரும் அடுத்த கேள்வி கேட்கமாட்டார்கள், வயிற்றுப்புண் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், இரண்டிலும் நான் போகவில்லை, ஏனென்றால் இரண்டும் பொய். அம்மாவிடம் சொன்ன சொல் என்று சொல்ல பிரெஞ்சில் என்னிடம் இருந்தது வாக்குறுதி என்கிற சொல் மட்டும், அது பெரிய சொல், கல்யாணத்துக்கும் நீதிமன்றத்துக்கும் ஆனது. நான் சத்தியம் செய்யவில்லையே. ஒரு தகவல் சொன்னேன். அந்தத் தகவல் தப்பு என்று இப்போது தெரிகிறது. தப்பான தகவலை நம்பி ஒருத்தி நிம்மதியாக இருக்கிறாள், அதைக் காப்பாற்றுவது நேர்மையா, திருத்துவது நேர்மையா. இரண்டு பேர் பார்த்துக்கொள்கிறோம் என்றால் மூன்றாவது ஆள் எதற்கு. கசப்பு என்று போட்ட இடத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்தவன் என்று என் பயிற்சி அறிக்கையில் இருக்கும். இருக்காது, சொலேன் அப்படி எழுதமாட்டார், நான்தான் எழுதிக்கொள்வேன்.

நாக்கின் பின்பக்கம். எனக்கு அது தெரியும், சொலேன் சொல்லித் தெரியவேண்டியதில்லை, எட்டாம் வகுப்பிலேயே தெரியும், படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். நுனியில் இனிப்பு, ரோஜா நிறம். ஓரத்தில் உப்பு, அதற்குப் பின்னால் புளிப்பு, கடைசியில், தொண்டை தொடங்குகிற இடத்தில், பச்சைப் பென்சிலால் கசப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் குடோனுக்குத்தான் போவேன், கவிழ்த்துப்போட்ட பாட்டில் கிரேட் மேல் நோட்டை வைத்து எழுதுவேன். சத்தமாகப் படிக்கச் சொல்வாள் அம்மா, அவளுக்கும் காதில் விழட்டும் என்று. அன்றைக்குப் படித்ததைக் கேட்டுவிட்டு எழுந்து போய் சுற்றுச்சுவர் ஓரத்து வேப்பமரத்தில் ஒரு கொழுந்தைக் கிள்ளி, கையை நன்றாகக் கழுவிவிட்டு, நுனி நாக்கில் வைத்தாள். “நுனியிலயே கசக்குதேடா.” இல்லம்மா, அது பின்னாடி போய்த்தான் கசக்கும். “பின்னாடி போகவேயில்ல. இங்கயே வச்சிருக்கேன், பாரு.” நாக்கை நீட்டிக்கொண்டே பேசினாள், சொற்கள் குழறின, பச்சையம்மா அக்கா அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். புக்குல போட்டிருக்கும்மா, என்றேன். எரிச்சலோடு சொன்னேன். அம்மா இலையைத் திரும்ப ஒருமுறை நுனியில் தொட்டுப் பார்த்தாள். பிறகு துப்பினாள். “புக்குல போட்டிருந்தா சரியாத்தான் இருக்கும். எனக்கு நாக்கு மரத்துப்போயிருக்கும், இந்தச் சோடா வாடையில.” அந்தப் படத்துக்கு ஐந்துக்கு ஐந்து. இதை எதற்கு இப்போது நினைக்கிறேன். கோப்பையைத் தூக்கவேண்டும், நுரை பாதி இறங்கிவிட்டது, சொலேன் தன் கோப்பையை மூக்குக்குக் கீழே வைத்து எனக்காகக் காத்திருக்கிறார், காத்திருப்பது தெரியக்கூடாது என்று கண்ணை மூடியிருக்கிறார்.

மூக்குக்குக் கொண்டுபோனேன். அந்த வாடை வரும் என்று உடம்பு முன்னாலேயே சுருங்கிவிட்டது, வெயிலில் வெந்த புளிப்பு, ஈரச் சாக்கு, அம்மாவின் புடவைத் தலைப்பு. வரவில்லை. ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் தெறிக்குமே, அது. பிறகு மாங்காய்க் காம்பை ஒடித்தால் வடிகிற பால். இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதுவா அது? இத்தனை வருடம் அம்மா செத்துப்போன பீரைத்தான் கழுவியிருக்கிறாள், ஒருநாளும் உயிரோடு முகர்ந்ததில்லை. அந்த வாடைக்காகத்தானே அன்றைக்கு பஸ்ஸில் அப்படி நடந்தது. எனக்கு ஒன்பது வயது, திருத்தணியிலிருந்து திரும்பி வருகிறோம், குடோனிலிருந்து நேராகக் கிளம்பிப் போயிருந்தோம், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய் நின்றுகொண்டார், கண்டக்டர் வந்து, “இறங்கும்மா. குடிச்சிட்டு ஏறுனா பொம்பளைன்னு பார்க்கமாட்டேன்” என்றார். அம்மா சண்டை போடவில்லை. “ஊதிக் காட்டட்டா?” என்று கேட்டுவிட்டு, எழுந்து நின்று, வாயைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே ஊதினாள். பஸ் முழுக்கப் பார்த்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அதனால் அவருக்குத் தெரிந்திருக்காது. “பாட்டில் கழுவுற வாடை சார். மேலதான். உள்ள ஒண்ணும் இல்ல.” இறக்கிவிட்டார்கள். நடந்தோம். அழவில்லை அவள். வழியெல்லாம் ஒரே வாக்கியம், என்னிடம் அல்ல, சாலையிடம், மேலதான், உள்ள இறங்கல, மேலதான். எங்களிடம் இருந்தது அந்த ஒன்றுதான். வாடை ஊருக்குத் தெரியும், உள்ளே எதுவும் இல்லை என்பது எங்களுக்கு மட்டும் தெரியும். அதை வைத்துக்கொண்டுதான் அவள் தினமும் காலையில் குடோனுக்குப் போனாள். நான் துப்பிடுவோம் என்று சொன்னபோது அவளுக்குக் கேட்டது அந்த வாக்கியம். இப்போது நான் அதை உடைக்கவேண்டும், ஐந்து கட்டங்களில் ஒன்றில் ஒரு கோடு போடுவதற்காக. இல்லை, துப்பிவிடலாம், துப்பிவிட்டு மூன்று என்று போடலாம், நடுவில், யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைத் தாளில் எழுதினால் அதற்குப் பேர் என்ன. அதுவும் பொய். எந்தப் பக்கம் போனாலும் ஒரு பொய் நிற்கிறது, ஒன்று அம்மாவுக்கு, ஒன்று தாளுக்கு, இரண்டில் எதை அவள் மன்னிப்பாள் என்று கேட்டுக்கொண்டேன், அவளைத்தான் கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

வாயில் வைத்தேன். குளிர். குமிழி. நுனியில் ஏதோ சுருக்கென்றது. கசப்பு மாதிரி இருந்தது, ஆனால் கசப்பாக இருக்கமுடியாது, அங்கே இனிப்புதான் தெரியும், ரோஜா நிறம், ஆகவே இது வாயுவாக இருக்கும், வாயு நாக்கைக் குத்தும், பாடத்தில் இருக்கிறது. வாயை மூடி வைத்துக்கொண்டிருக்கிறேன். கன்னத்தின் உள்பக்கம் வரை அது பரவுகிறது, கசப்பு மாதிரியானது. பிளாஸ்டிக் டம்ளர் கைக்கு எட்டும் தூரத்தில். சொலேன் கண்ணைத் திறந்தார். நான் துப்பினால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார், அவர் ஒன்றும் சொல்லமாட்டார் என்பதைத்தான் என்னால் தாங்கமுடியாது என்று அப்போது தெரிந்தது, அது நேர்மை அல்ல, வேறு ஏதோ, இவ்வளவு தூரம் வந்துவிட்டு இவர்கள் மேசையில் டம்ளரும் கையுமாக நிற்பவனாக இருக்கக்கூடாது என்கிற ஏதோ. விழுங்கினேன். தொண்டை தானாக வேலை செய்தது. இறங்குவது தெரிந்தது, நெஞ்சு நடுவில் ஒரு குளிர்ந்த கோடு, அது எங்கே போகிறது என்று நான் உள்ளே கூடவே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் கசந்தது. வேப்பம்பூ ரசம் ஆறிப்போன பிறகு கசக்கிற மாதிரி, நீளமாக, போகாமல். நான்கு என்று எழுதினேன். “நாலு,” என்றார் சொலேன், தன் தாளைக் காட்டி, “நானும் நாலு. உனக்கு நல்ல நாக்கு, எலு.” ஐந்துக்கு ஐந்து வாங்கியபோது வந்த அதே சந்தோஷம் வந்தது. வந்தது என்பதை மறைக்கக்கூடாது. அதன் பின்னாலேயே, பஸ்ஸிலிருந்து இறங்கி நின்ற இடத்தின் புழுதி.

பாட்டில் அடியில் ஒரு விரல் அளவுக்கு மிச்சம் இருந்தது, ஈஸ்ட் படிந்த கடைசிப் பங்கு. சொலேன் அதைச் சுழற்றி ஒரு சின்னக் கோப்பையில் ஊற்றி, இதில்தான் எல்லாம் இருக்கு என்று நீட்டினார். வேண்டாம் என்றேன். இந்த முறை காரணம் கேட்கவில்லை. காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு கழுவுகிற தொட்டிக்குப் போனேன். மண்டி காய்ந்தால் போகாது, ஈரமாக இருக்கும்போதே கழுவிவிடவேண்டும், அதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. வெந்நீரை விட்டு, குலுக்கி, கவிழ்த்து, பிரஷ்ஷை விட்டு இரண்டு சுற்று. ஜன்னலுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடினேன். பாப்திஸ்த் தூரத்திலிருந்து தானும் ஒரு கண்ணை மூடிக் காட்டினான். அடி சுத்தமாக இருந்தது. வெளியே இருந்த மலைச்சரிவு அதற்குள் பச்சையாக, வளைந்து, தலைகீழாகத் தெரிந்தது.

பன்னிரண்டரைக்கு வெளியே வந்து போன் போட்டேன். அங்கே நாலு மணி, டீக்கு உட்கார்ந்திருப்பாள். பின்னால் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் கேட்டது. “சாப்டியாடா?” இன்னும் இல்லம்மா. அம்மா, இன்னைக்கு பீரு டேஸ்ட் பண்ணச் சொன்னாங்க. “துப்புனியா?” இல்லம்மா. முழுங்கிட்டேன். பாட்டில் சத்தம் மட்டும். பேசாமல் இருந்தால் நான் உளறிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும், நானும் உளறினேன், ஒயின்தான் துப்புவாங்களாம், பீரைத் துப்பக்கூடாதாம், கசப்பு எவ்வளவுன்னு எழுதணும், அது பின்னாடி போனாத்தான் தெரியும், எனக்கு முன்னாடி தெரியாதும்மா, தெரிஞ்சிருந்தா உன்கிட்ட அப்படிச் சொல்லியிருக்கமாட்டேன். “போதை ஏறுச்சா?” இல்ல, ஒரே ஒரு வாய். “கசந்துச்சா?” கசந்துச்சு. “எங்க கசந்துச்சு?” பின்னாடி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவளிடம் இன்னொரு தகவலைத் தப்பாகச் சொல்லக்கூடாது என்று ஒரு நொடி நின்றேன், நின்று, நாக்கைக் கேட்டேன். வச்ச உடனேம்மா. நுனியிலயே. “அப்ப எதுக்குடா முழுங்குன?” கோபம் இல்லை அதில். கேள்விதான். யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், பச்சையம்மா அக்காவாக இருக்கும். “இரு வரேன்” என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, எனக்காக லைனிலேயே இருந்தாள்.

அங்கே அவர் நிறுத்திவிட்டார். என்ன பதில் சொன்னீர்கள் அண்ணா என்று கேட்டேன். “ஒண்ணும் சொல்லல. அவங்கதான் போனை வச்சாங்க” என்றார். அரக்கோணம் வந்துவிட்டது. இறங்கும்போது, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, “அந்த நாக்குப் படம் நீயும் வரைஞ்சிருப்ப இல்ல?” என்றார். வரைந்திருக்கிறேன், பச்சைக்குப் பதில் ஊதாவில். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தேடிப் படித்தேன். பீரை விழுங்கிச் சுவைப்பது உண்மையிலேயே வழக்கம்தான். பின்சுவைக்கு அது உதவும் என்கிறார்கள். ஆனால் நாக்கைச் சுவைக்கொரு பகுதியாகப் பிரித்த அந்தப் படம் தப்பு. நூறு வருடத்துக்கும் முன்னால் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வின் சின்ன வித்தியாசங்களைப் பிறகு வந்தவர்கள் பெரிதாக வாசித்ததில் அது பிறந்திருக்கிறது. அது தப்பு என்பது நாங்கள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. சுவை மொட்டு இருக்கிற எந்த இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும். பின்பக்கம் கசப்பு கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம், அவ்வளவே. நுனியிலும் கசக்கும்.